கல்சியத்தின் வீடு

இங்கிலாந்துக்குப் போகும்போது என் சட்டைப் பையில் ஒரு பெயிண்ட் அட்டை இருந்தது. கல்முனைக் கடைத்தெருவில் ஹாட்வெயார் கடைக்காரர்கள் சும்மா தருகிற அட்டைதான். விரித்தால் மயில்தோகை மாதிரி நாற்பது ஐம்பது நிறம் வரும். அந்த அட்டையில் ஒரு நிறத்தைக் கேட்டு வருவதற்காகத்தான் நான் போனேன்.

என் மூத்த மகள் நுஸ்ரா நான்கு வருடமாக அங்கே அணுக்கழிவைப் பற்றிப் படிக்கிறாள். அவளுக்கென்று கல்முனைக்குடியில் எங்கள் வீடும் பேக்கரியும் நிற்கிற வளவுக்குள்ளேயே ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறோம். எங்கள் கரையில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். சுவர் பூசியாயிற்று, கதவு போட்டாயிற்று, பெயிண்ட் மட்டும் மிச்சம். இதற்குள் இளையவள் ஹஸ்னாவுக்குச் சம்பந்தம் முற்றாகிவிட்டது. மாப்பிள்ளை அட்டாளைச்சேனைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர். ஹஸ்னாவுக்கு வீடு இல்லை. மூத்தவள் ஊருக்கு வருவாளென்றால் வீடு அவளுக்கு. வரமாட்டாளென்றால் இளையவளுக்கு எழுத வேண்டும். ஆனால் அப்படி எழுதுவது, மூத்தவள் இனி வரமாட்டாள் என்று ஊருக்கு நாங்களே அறிவிப்பதற்குச் சமம்.

தொலைபேசியில் கேட்டால் "பாப்பம் வாப்பா" என்பாள். நேரே கேட்க எனக்கு வாய் வராது. பேக்கரியில் பாண் சுடுகிறவன் நான். போறணை, அதுதான் பாண் சுடுகிற அடுப்பு, அதன் முன்னால் முப்பது வருடம் நின்றவனுக்குப் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை. என் மனைவிக்கு இது தெரியும். அவள்தான் அட்டையை என் பையில் வைத்தாள்.

"வாறியா இல்லியா எண்டு கேக்காதீங்க. சுவருக்கு என்ன நிறம் அடிக்கிற எண்டு மட்டும் கேளுங்க," என்றாள்.

"கேட்டு?"

"ஒரு நிறம் சொன்னாளெண்டா வருவாள். 'உங்களுக்குப் பிடிச்சத அடிங்க' எண்டாளெண்டா வரமாட்டாள். அவ்வளவுதான்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

விமான நிலையத்தில் கடவுச்சீட்டுப் பார்க்கிற இடத்தில் ஒரு பெண் இருந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். மகள் எனக்கு ஒரு வசனம் பாடமாக்கித் தந்திருந்தாள், இரசாயனம் படிக்கிற மகளைப் பார்க்க வந்தேன் என்று. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். பதற்றத்தில் இரசாயனத்துக்கு இங்கிலீசு மறந்துபோய், "டோட்டர், நியூக்கிளியர் வேஸ்ட்" என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பையிலிருப்பது என்ன என்று கையைக் காட்டினாள். அட்டையை எடுத்துக் கொடுத்தேன். "ஹவுஸ். கலர். டோட்டர்," என்றேன். அவள் அட்டையை விரித்து, ஒவ்வொரு நிறமாகப் பார்த்து, ஒரு நீலத்தில் விரலை வைத்து ஏதோ சொன்னாள். தன் குசினிக்கு அந்த நிறம் அடித்திருப்பதாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத அவள் ஒரு நிமிடத்தில் ஒரு நிறம் சொல்லிவிட்டாள். என் மகள் சொல்வதற்கு ஒன்பது நாள் எடுத்தது.

நுஸ்ரா வெளியே நின்றாள். கறுப்புக் குளிர்க்கோட்டும் சாம்பல் நிற முக்காடும். மெலிந்திருந்தாள். சலாம் சொல்லி என் கையைப் பிடித்து மோந்துவிட்டு, "வாப்பாட கையில இன்னும் மா வாசம் இரிக்கி," என்றாள். பறப்பதற்கு முதல் நாள் காலைவரை பாண் போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னேன்.

அவள் இருக்கிற ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். வடக்கே மலை மலையாக ஒரு ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கூரை மேல் வீட்டுக் கூரை ஏறி நிற்கிறது. எங்கள் ஊரில் தென்னை மரத்தைத் தவிர ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. கடற்கரையிலிருந்து நாவிதன்வெளி வயல் வரை நிலம் தட்டையாகக் கிடக்கும். இங்கே அவள் அறைக்குப் போவதற்குள் எனக்கு மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடத்திலும், சும்மா பார்ப்பது போல ஒரு பூமரத்தைப் பார்த்தேன். அவளும் எனக்காக நின்று பூமரத்தைப் பார்த்தாள்.

அறை சின்னது. கட்டில், மேசை, ஒரு யன்னல். குசினி இன்னும் மூன்று பேருக்குப் பொது. நான் கொண்டுபோன சாமான்களை மேசையில் வைத்தேன். என் சகலன் நாவிதன்வெளியில் விளைவித்த சிவப்பரிசி, மாசிச் சம்பல், கொச்சிக்காய்த் தூள், தொதல், ஒரு பை வறுத்த கச்சான், தோலோடு நிலக்கடலை. அவள் சம்பல் போத்தலைத் திறந்து மூக்குக்குக் கிட்ட வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சாப்பிடவில்லை. மூடி வைத்துவிட்டாள்.

"திண்ணன் புள்ள," என்றேன்.

"புறகு. இப்பவே திண்டாக் கெதியா முடிஞ்சிரும் வாப்பா."

முதல் நாளே கேட்டுவிடலாம் என்று அட்டையை எடுத்தேன். அவள் அப்போது சோற்றுப் பானைக்குத் தண்ணீர் அளந்துகொண்டிருந்தாள். "இது என்ன?" என்றாள். "கடைக்காரன் தந்த," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் அந்த ஊர்ப் பாணைச் சாப்பிட்டேன். சதுரம் சதுரமாக வெட்டி நெகிழிப் பையில் வருகிறது. அமத்தினால் பஞ்சு மாதிரி அமர்ந்துபோய் அப்படியே கிடக்கிறது, எழும்புவதில்லை. பொருக்கு என்று ஒன்று இல்லை. எங்கள் ஊரில் இப்படி ஒரு பாணை நான் விற்றால், சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து என் தலையில் போட்டுவிடுவார்கள். நுஸ்ரா அதைத் தினமும் சாப்பிடுகிறாள். "பழகிற்று," என்றாள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அவளுக்கு வேலை இருந்தது. ஜும்ஆவுக்கு நான் தனியே பஸ்ஸில் போகிறேன் என்று சொன்னேன். "எட்டாவது தரிப்புல இறங்குங்க வாப்பா, பள்ளிவாசல் கோபுரம் தெரியும்," என்று அனுப்பினாள். நான் யன்னலோரம் இருந்து விரலில் எண்ணினேன். பஸ் நின்றால் ஒன்று, மறுபடி நின்றால் இரண்டு. எங்கள் ஊர் பஸ் கை காட்டினவன் காலடியில் எல்லாம் நிற்கும். இங்கே, மணி அடிக்காவிட்டால் தரிப்பில் நிற்காமலே போய்விடும் என்று எனக்குத் தெரியாது. நான் ஐந்து எண்ணுவதற்குள் கோபுரம் வந்து போய்விட்டது. மகள் எட்டு என்று சொன்னாளே, அந்தக் கோபுரம் வேறாக இருக்கும் என்று இருந்துவிட்டேன். ஏழு எண்ணும்போது வீடுகள் முடிந்துவிட்டன. எட்டு எண்ணியபோது மலை உச்சி. புல்லும் செம்மறி ஆடுகளும். பஸ்ஸில் நான் மட்டும்.

ஓட்டுநர் எழும்பி வந்தார். வெள்ளைத் தாடி, என் வயதைவிடக் கொஞ்சம் கூட. என் தொப்பியைப் பார்த்துவிட்டு சலாம் சொன்னார். பாகிஸ்தான்காரர். அவர் பேசியதில் பாதி உருது, பாதி இங்கிலீசு. இரண்டும் எனக்குத் தெரியாது. ஆனாலும் பத்து நிமிடம் கதைத்தோம். மகள் என்றேன். நியூக்கிளியர் வேஸ்ட் என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கி, தன் பஸ்ஸை விட்டு இறங்கு என்பது போலப் பாவனை காட்டிச் சிரித்தார். ஊரிலும் இப்படித்தான். தேத்தண்ணிக் கடையில் ஒருவர், "கழிவப் படிக்கவா லண்டன் போன? நம்மட குப்பை ட்ரக்டருக்குப் பின்னால ரெண்டு நாள் ஏறினாப் போதுமே," என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஓட்டுநருக்கும் ஒரு மகள். கனடா என்றார். எப்போது வருவாள் என்று கையால் கேட்டேன். அவர் காதில் கையை வைத்துத் தொலைபேசி மாதிரி காட்டி, "சண்டே," என்றார். ஒரு விரலை உயர்த்தி மறுபடியும் "சண்டே" என்றார். பிறகு இருவரும் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வரும்போது பள்ளிவாசல் முன்னால் மணி அடிக்காமலே நிறுத்தி இறக்கிவிட்டார். ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் மகள் என்னைத் தன் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனாள். வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் தந்தாள். வாசலில் நின்று கேட்டேன்.

"மகள், தொட்டா ஒண்டும் செய்யாதா?"

இந்தக் கேள்வி என்னுடையது மட்டுமில்லை. முன்பு நுஸ்ராவைப் பெண் கேட்டு வந்த ஒரு வீட்டார், அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போய், பிறகு வரவேயில்லை.

"இஞ்ச விஷம் ஒண்டும் இல்ல வாப்பா. உண்மையான சாமான் வேற இடத்தில பூட்டிக் கிடக்கு. நாங்க அதுக்குப் பதில் ஆள வெச்சித்தான் சுட்டுப் பாக்குறம்."

"பதில் ஆளா?"

"ஓம். பருமனும் குணமும் கிட்டத்தட்ட ஒண்டுதான், விஷம் மட்டும் இல்ல. மாப்பிள்ளை வரமுந்திப் பந்தல்ல தோழன இருத்திப் பாக்குற மாதிரி."

அவள் செய்கிற வேலையை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். அணு உலையில் எரித்து முடிந்த பிறகு மிஞ்சுகிற சாமான் இருக்கிறதே, அதன் விஷம் மனிதர் ஆயுள் கணக்கில் தீராது. ஆயிரம் தலைமுறை போனாலும் கிடக்கும். அதைத் தண்ணீர் கரைக்க முடியாத ஒரு கல்லுக்குள் போட்டு, ஆழத்தில் அடக்கம் செய்துவிட வேண்டும். அந்தக் கல்லை மனிதர்தான் செய்ய வேண்டும். மாவை நிறுத்து, அரைத்து, அச்சில் அமத்தி, சூட்டில் வைத்து எடுத்தால் கல். அவள் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பேக்கரிதானே மகள் இது."

"நான் என்ன சொல்லிற்றிருக்கன் நாலு வருசமா?"

அவளுடைய போறணை என் கடைப் பெட்டகம் அளவுதான் இருந்தது. ஆனால் ஆயிரத்து நானூறு டிகிரி வரை போகுமாம். திறந்து ஒரு சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றை எடுத்தாள். குறுக்கே ஒரு வெடிப்பு. அவள் முகம் வாடிவிட்டது.

"சூட்டோட கதவத் திறந்திருப்பீங்க," என்றேன். "ஆற உட்டிருக்கணும்."

"ஒரு நாள் முழுக்க ஆற உட்டதுதான் வாப்பா. மிசினே மெல்ல மெல்லக் குறைக்கும்."

"அப்ப மாவுல பிழை."

"ஓம். அதத்தான் நாலு மாசமாத் தேடுறன்."

முப்பது வருட அனுபவம் இரண்டு வசனத்தில் முடிந்துபோயிற்று.

அவளுடைய பேராசிரியர் வந்தார். நரைத்த முடி, உயரமான பெண். என்னிடம் மெதுவாகப் பேசினார், மகள் தமிழில் சொன்னாள். நான் பாண் சுடுகிறவன் என்று தெரிந்ததும் பேராசிரியர் ஒரு இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். மூடியில் ஒட்டியிருந்த எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து. தேயிலைப் பெட்டியில் பார்த்துப் பழகியது. சிலோன் என்று போட்டிருந்தது.

உள்ளே ஒரு பச்சைக் கல். பெருவிரல் நகம் அளவு. வாழைக் குருத்து முற்றி வரும்போது ஒரு பச்சை வருமே, அந்தப் பச்சை. "இரத்தினபுரிப் பக்கத்துக் கல் வாப்பா," என்றாள் மகள். "இதுக்குள்ள யுரேனியம் இரிக்கி. பல கோடி வருசமா. அது உள்ளுக்க இருந்து இடிச்சி இடிச்சி, கல்லுட ஒழுங்கெல்லாம் குலைஞ்சி போச்சி. கொஞ்சம் வீங்கியும் இரிக்கி. ஆனா வெளியால பாத்தா முந்தின வடிவம்தான். உள்ள இருந்தத வெளியால உடவும் இல்ல. உலகத்துல எங்க இந்தப் படிப்புப் படிச்சாலும் நம்மட நாட்டுக் கல்லத்தான் முதல்ல காட்டுவாங்க."

"இதுக்கும் விசா எடுத்தவங்களா?" என்று கேட்டேன். மகள் அதை மொழிபெயர்க்க, பேராசிரியர் சத்தமாகச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நெஞ்சில் வைத்தார். மகள் பெட்டியின் மூடியைப் போட்டாள்.

"நான் நல்லா வேலை செய்யிறனாம்," என்றாள்.

அவ்வளவு நீளமான பேச்சுக்கு இவ்வளவுதான் தமிழா என்று நினைத்தேன். எனக்கு இங்கிலீசு தெரியாதுதான். ஆனால் கடை வைத்திருப்பவனுக்கு எண் தெரியும். அந்தப் பேச்சுக்குள் "த்ரீ இயர்ஸ்" என்று இரண்டு தடவை வந்தது.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் மழை. குடையோடு ஒரு பூங்காவுக்குப் போனோம். ஒரு நாய் என் கால்சட்டையை மோந்தது, நாய்க்காரி எனக்கு மன்னிப்புக் கேட்டாள், நான் அவளுக்குக் கேட்டேன். ஒரு கடையில் மீன் என்று சொல்லி மாவுக்குள் பொரித்த ஏதோ ஒன்றைத் தந்தார்கள். எந்த மீன் என்று கேட்டால் மகளுக்கும் தெரியவில்லை, கடைக்காரனுக்கும் தெரியவில்லை. கடலோரத்தில் பிறந்தவனுக்கு, பெயர் தெரியாத மீனைத் தின்பது வழியில் கண்டவனோடு பயணம் போவது மாதிரி. பாதியை வைத்துவிட்டேன். அட்டை பைக்குள்ளேயே இருந்தது. மூன்று வருடத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் பின்னேரம் மழை விட்டது. குசினியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் கொண்டுபோன கச்சானை ஒரு கோப்பையில் போட்டுத் தின்றுகொண்டிருந்தோம். எனக்கு ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்க முடியாமல் வேறொன்றைக் கேட்டேன்.

"அந்தக் கல்லுக்குள்ள விஷம் என்னெண்டு மகள் இருக்கும்? வெளியால வராதா?"

அவள் முகம் திறந்துகொண்டது. கோப்பையை என் பக்கமிருந்து இழுத்து, மேசையில் கச்சானை வரிசை வரிசையாக அடுக்கினாள். இடையில் உரித்த பருப்பை வைத்தாள்.

"இது ஒரு வளவெண்டு வைங்க வாப்பா. வளவு முழுக்க வீடு. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு ஆளுக்கெண்டு கட்டினது. இந்தா, இந்தக் கச்சான் இருக்குற இடம் கல்சியத்தின்ட வீடு."

"ஆரு குடுத்த?"

"அல்லாஹ் குடுத்த." சிரித்தாள். பிறகு ஒரு கச்சானைத் தூக்கி எடுத்துவிட்டு அந்த வெற்றிடத்தைக் காட்டினாள். "இப்ப கல்சியம் வரல்ல எண்டு வைங்க. வீடு வெறும் வீடாக் கிடக்கு. என்ன செய்யிற?"

நான் அந்த வெற்றிடத்தைப் பார்த்தேன்.

"வேற ஆளுக்குக் குடுக்கலாம். பருமன் பொருந்தினாச் சரி. வாற ஆளும் நல்லா இருக்கும், வளவுக்கும் ஒண்டும் செய்யாது. வெறும் வீடா உடுறதுதான் கூடாது. நாள் போகப் போகப் பக்கத்துச் சுவரெல்லாம் உள்ளுக்குச் சாயும். வராத ஆளுக்காக எத்தின நாளைக்கு வெச்சிற்றிருக்கிற?"

அவள் கச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்குத் தெரிந்துவிட்டது, உம்மா சொல்லியிருப்பாள், எங்கள் வீட்டு வழக்கப்படி நேரே சொல்லாமல் சுற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சுவருக்கு நிறம் கேட்கச் சொன்ன தாயின் மகள்தானே. என் தொண்டையில் இருந்தது தானாக வெளியே வந்தது.

"அப்ப ஹஸ்னாக்கே எழுதட்டா மகள்?"

"என்னத்த?"

"வீட்ட."

அவள் விரலில் இருந்த கச்சான் அப்படியே நின்றது.

"எந்த வீட்ட வாப்பா?"

அவள் கல்சியத்தைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொன்னதைத் திருப்பி எடுக்க வழியில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு, அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"உம்மா நிறம் மட்டும்தான் கேக்கச் சொன்ன," என்றேன்.

அட்டையை விரித்தாள். முதலில் சிரித்தாள். "நிறம் சொன்னா வருவன், சொல்லாட்டி வரமாட்டன், அப்படியா?" என்றாள். தாயை அறிந்தவள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முக்காட்டு நுனியை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னும் மூண்டு வருசம் வேலை தாறன் எண்டு சொல்றாங்க வாப்பா. நான் ஓம் எண்டு சொல்லிற்றன். நீங்க வாறதுக்கு முந்தியே சொல்லிற்றன். உங்களுக்கு என்னெண்டு சொல்ற எண்டு தெரியாம இருந்த."

"அதுக்குப் புறகு?"

"தெரியா."

"ஊருல..."

"ஊருல எனக்கு என்ன வேலை இரிக்கி? இந்தக் கல்ல எங்க சுடுற?"

"நம்மட போறணையில..." என்று தொடங்கினேன்.

"அது முன்னூறு டிகிரி போகும் வாப்பா. எனக்கு ஆயிரத்து நானூறு வேணும்."

அவள் குரலில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள். விறகை எவ்வளவு கூட்டினாலும் என் போறணையில் அந்தச் சூடு வராது. எனக்கும் தெரியும்.

"ஹஸ்னாக்கு எழுதுங்க," என்றாள். "மனசோடதான் சொல்றன். தங்கச்சி வீடில்லாம நிக்கக்கூடா."

மேசையில் இருந்த வெற்றிடம் அப்படியே கிடந்தது. கையில் பிடித்திருந்த கச்சானை அதில் வைக்கப் பார்த்தாள். பிறகு வைக்காமல் உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு மாசிச் சம்பல் போத்தலைத் திறந்து, சிவப்பரிசிச் சோற்றோடு பாதியைத் தின்று முடித்தாள். நானும் அவளோடு தின்றேன். இரண்டு பேருக்கும் மூக்கால் தண்ணீர் வடிந்தது. கொச்சிக்காய் உறைப்புக் கூடிவிட்டது என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

ஒன்பதாம் நாள் ஊர் திரும்பப் புறப்பட்டேன். விமான நிலையத்தில் என் பெட்டியைக் கொடுத்த பிறகு அட்டையைக் கேட்டாள். கைப்பையிலிருந்து பென்சில் எடுத்து, ஒரு நிறத்தின் மேல் சின்னதாகச் சரி போட்டாள். பச்சை. அந்தப் பெட்டிக்குள் இருந்த கல்லின் பச்சை.

"இத அடிங்க. ஹஸ்னாக்குப் பச்சை பிடிக்கும்," என்றாள். என் கையைப் பிடித்து மறுபடியும் மோந்தாள். ஒன்பது நாளில் மா வாசம் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சோறு போட்டாள். சாப்பிட்டு முடியும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து இருந்ததும் கேட்டாள்.

"நிறம் சொன்னாளா?"

"சொன்னாள்."

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரமே முழுவதையும் சொல்லியிருக்க வேண்டும் நான். சொல்லவில்லை. அட்டையை வாங்கினாள், பென்சில் அடையாளத்தைக் கண்டுபிடித்தாள், எழும்பிப் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிற அந்த வீட்டுக்கே போய்விட்டாள். நான் பின்னால் போனேன். பூசின சுவரில் அட்டையை ஒட்டிப் பிடித்து, தள்ளி நின்று பார்த்தாள். வெளிச்சம் வரட்டும் என்று யன்னலைத் திறந்தாள்.

"நல்ல பச்சைதான். முன் பக்கத்துக்கா, உள்ளுக்கா?"

"ஹஸ்னாட வீட்டுக்கு இந்த நிறம் எண்டு சொன்னாள்," என்றேன்.

அவள் திரும்பவில்லை. அட்டை சுவரிலேயே இருந்தது. வெளியே மீன்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"அப்ப அவளுக்கு?"

"மூண்டு வருசமாம். அதுக்குப் புறகு தெரியா எண்டாள்."

அட்டையை மடித்தாள். வரமாட்டேன் என்று சொன்னாளா என்று கேட்டாள். இல்லை, தெரியாது என்றுதான் சொன்னாள் என்றேன். இரண்டும் ஒன்றா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். அஸர் தொழுதுவிட்டுப் போறணைப் பக்கம் வந்தாள். அவள் அங்கே வருவது குறைவு. பின்னால் போய், நான் விறகு அடுக்கி வைக்கிற இடத்தில் நின்று, காலால் அளப்பது போல நடந்தாள்.

"இந்த விறகெல்லாம் இஞ்சதான் கிடக்கணுமா?" என்று கேட்டாள்.

இப்போது வீட்டுக்குப் பச்சை அடித்தாயிற்று. ஹஸ்னாவும் மாப்பிள்ளையும் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் என்னோடு வந்து சூடான பாண் சாப்பிடுவார், நல்ல மனிதர். விறகை வேலியோரம் மாற்றிவிட்டேன். போறணைக்குப் பின்னால் அத்திவாரம் வெட்டிக் கிடக்கிறது. போன கிழமை பெய்த மழைத் தண்ணீர் அதற்குள் நிற்கிறது. கையில் வருகிறதைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும்.

நேற்று மேசன் வந்தார், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர். நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆருக்கு காக்கா இந்த வீடு?" என்று கேட்டார்.

"மூத்தவளுக்கு."

"அவ எப்ப வாறா?"

"நீங்க கல்ல வைங்க தம்பி," என்றேன்.